கல்லைத் தட்டிப் பார்த்தவர்கள்

பனச்சமூடு என்னும் ஊரின் பெயரை வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுள் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவை ஒட்டினாற்போல் அமைந்த சிற்றூர் அது. கடைத்தெருவில் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்கு உரியது. சில அடி நடந்தால் கேரளம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய பகுதிகள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை அப்பால் நின்றுவிட்டது. அன்று மனிதர்களுக்கு இடையே கோடு விழுந்தது; இரு பக்கமும் தோண்டி எடுக்கும் கருங்கல் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

நாம் சிறுவராயிருந்த நாளில் அவ்வூர்ப் பக்கம் சென்றால் முதலில் காதில் விழுவது கல்லுடைக்கும் ஓசைதான். ஓலைக் கீற்றை வெயிலுக்குச் சாய்த்து வைத்துக்கொண்டு, அதன் நிழலிலே அமர்ந்து, பெண்கள் சிறு சுத்தியலால் சல்லி உடைப்பார்கள். கொத்தனார் ஒருவர் வருவார். குவியலிலிருந்து ஒரு துண்டை எடுப்பார். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் தள்ளிவிடுவார். அவர் அறிந்த சோதனை அவ்வளவே. அச்சோதனை எளிதன்று. பல்லாண்டுப் பழக்கமுள்ள காதுக்கு அது கல்லின் உள் வெடிப்பையும் மக்கலையும் சொல்லிவிடும்.

அந்தக் காதையும் ஏமாற்றக் கூடிய கல் உண்டு என்பதை நாம் அறிந்தது பிற்காலத்தில், அதுவும் வெளியூரில்.

எம் பெரியப்பா மத்திய அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பூனாவிலேயே வீடு கட்டிக் குடியேறியவர். கட்டியவர் பனச்சமூட்டுப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். ஊர்க்காரர் என்ற நம்பிக்கை. அவரும் அந்த நம்பிக்கைக்கு உரியவராகவே உழைத்தார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வெடிப்புகள் தோன்றின. ஒரு கோடாகத் தோன்றவில்லை. வறண்ட குளத்தின் சேறு பிளந்தாற்போல் வலை வலையாகத் தோன்றின. சில இடங்களில் வெண்மையான பசை கசிந்து உலர்ந்திருந்தது. பெரியப்பா உடனே முடிவு கட்டிவிட்டார்: கொத்தனார் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று. அதை நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சிறிய வட்டம். அதன் பின் அந்தக் கொத்தனாருக்கு அங்கே வேலை கிடைப்பது அருமையாயிற்று. "அண்ணாச்சி, கலவையில் நான் ஒரு சட்டி சிமெண்டு கூடக் குறைக்கவில்லை" என்று அவர் சொன்னதை யாரும் செவிமடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார்.

நிற்க. கான்கிரீட்டுக்குள் சல்லியின் பங்கு என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

கான்கிரீட் என்றால் சிமெண்டு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் கன அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு சல்லியும் மணலும்தான். சிமெண்டும் நீரும் அவற்றைப் பிணைக்கும் பசை. ஆங்கிலத்தில் சல்லியையும் மணலையும் சேர்த்து ‘அக்ரிகேட்’ என்பார்கள். மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில் பொறியியல் விவரக் குறிப்பு ஒன்று எம்மிடம் வந்தது. அகராதியைப் பார்த்து, பெருஞ்சல்லியை நாம் ‘முரட்டு மொத்தம்’ என்று பெயர்த்து வைத்தோம்! மேலதிகாரி சிரித்துவிட்டு, "உங்கள் ஊர்க் கொத்தனார் இதை என்னவென்று சொல்வார்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ‘சல்லி’ என்றே எழுதி வருகிறோம். அந்தக் குறிப்பைத் திருத்தும்பொருட்டுக் கல்லைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதே இப்பேச்சுக்கும் வித்து.

நம் பனச்சமூட்டுக் கல் எரிமலைக் கல் அன்று. பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறிய பாறை அது. அதில் இரண்டு இனங்கள் உண்டு. செம்மணிக் கற்களைப் பொடியாகத் தூவினாற்போல் சிவப்புப் புள்ளிகள் கொண்டது கோண்டலைட். ஒரிசாப் பக்கத்துக் கோண்டு மக்களின் பெயரால் வழங்குவது. நீலங்கலந்த கருமை உடையது சார்னகைட். இந்தப் பெயருக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. கல்கத்தா நகரத்துக்கு அடிகோலியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறையை மூடிய கல்லைத் தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலார் ஆராய்ந்து, சென்னைப் பரங்கிமலை, பல்லாவரத்துப் பாறையும் அதுவும் ஒன்றே எனக் கண்டு, 1893-இல் அப்பெயரைச் சூட்டினார். தமிழ்நாட்டுக் கல் ஒன்று கல்கத்தாக் கல்லறையிலிருந்து உலகப் பெயர் பெற்றது.

மும்பையிலும் பூனாவிலும் வாழும் நம்மவர் காலடியில் இருப்பதோ வேறு கல். ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியின் வெடிப்புகளிலிருந்து பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக உறைந்து, இன்றும் ஏறக்குறைய 5 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்பை மூடிக் கிடக்கிறது. மலைகள் படிக்கட்டுப் போல் தோன்றுவதால் சுவீடன் மொழியில் படியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘டிராப்’ என்ற பெயர் வந்தது. தக்காண டிராப் என்பது அதுவே. அந்தேரியில் உள்ள கில்பர்ட் குன்றின் கரிய தூண்கள் அந்தக் கல்; எட்டாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் எல்லோராக் கைலாசநாதர் கோவிலைக் குடைந்ததும் அந்தக் கல்லில்தான். பசால்ட் என்பது அதன் நிலவியற் பெயர்.

எரிமலைக் கல்லைக் கொண்டு கட்டுவது புதிய வழக்கமன்று. உரோமாபுரியில் கி.பி. 125-ஐ ஒட்டி முடிவுற்ற பாந்தியன் கோவிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலமுடையது. இரும்புக் கம்பி ஒன்றும் அதில் இல்லை. அதைக் கட்டியவர்கள் மாடத்தின் அடியில் கனமான கல்லையும், உச்சியை நெருங்க நெருங்க நுரைபோல் இலேசான எரிமலைக் கல்லையும் சல்லியாக இட்டார்கள். பிணைப்புக்குச் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பல் கலந்தார்கள். அவர்கள் எவ்வாறு கல்லைத் தேர்ந்தார்கள் என்றால், நம் கொத்தனாரைப் போலவே அனுபவத்தால்தான்.

அனுபவத்துக்குப் பதிலாக அளவை வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பிரெஞ்சு நாட்டில் சாலைக்கு இடும் கல் எவ்வளவு தேயும் என்பதை உருளையில் இட்டுச் சுழற்றிப் பார்க்கும் முறை தோன்றியது. பின்னர் அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெயரால் வழங்கும் பொறி வந்தது. இரும்பு உருளை ஒன்றில் கல்லையும் எஃகுக் குண்டுகளையும் இட்டு, வழக்கமாக 500 சுற்றுச் சுற்றி, எத்தனை பங்கு தூளாயிற்று என்று சலித்து நிறுப்பார்கள். இந்தியத் தர நிறுவனம் 1963-இல் எட்டுப் பாகங்களாக வெளியிட்ட ஐ.எஸ். 2386 என்னும் விதித் தொகுப்பில் இவையெல்லாம் இடம் பெற்றன. ஒரு கிண்ணத்தில் சல்லியை நிரப்பி, பத்து நிமிடத்தில் 40 டன் பளுவை ஏற்றி நொறுக்குவது ஒன்று. சுமார் 14 கிலோ எடையுள்ள சம்மட்டியை 15 முறை விழவிடுவது ஒன்று. சோடியம் சல்பேட்டுக் கரைசலில் ஊறவைத்து அடுப்பில் உலர்த்துவதை ஐந்து தடவை செய்து, கல் எவ்வளவு உதிர்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. சாலையின் மேற்பரப்புக்கு இடும் சல்லியில் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் நொறுங்கக் கூடாது என்பது விதி.

இச்சோதனைகளில் குழிவில்லாத கெட்டிப் பசால்ட் வெகு சிறப்பாகத் தேறும். அதைவிட வலிய சல்லி கிடைப்பது அரிது. ஆகவே எரிமலைக் கல்லைக் குறித்துப் பொறியாளர்களுக்கு நெடுங்காலம் கவலை இருக்கவில்லை.

கவலை தொடங்கியது அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில். அங்கே பார்க்கர் அணை 1938-இல் கட்டி முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் அதன் கான்கிரீட்டில் வலை வலையாக வெடிப்புகள் கண்டன. பளுவால் வந்தவை அல்ல; அடித்தளம் இறங்கியதாலும் அல்ல. அணைக்கு இட்ட ஆற்றுச் சல்லியில் ஆண்டிசைட், ரையோலைட் என்னும் எரிமலைக் கற்கள் கலந்திருந்தன. சம்மட்டிக்கும் உருளைக்கும் அசையாத கற்களே அவை. ஏறத்தாழ அதே வேளையில், கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையின் தாமஸ் ஸ்டாண்டன், கிங் சிட்டி என்னும் ஊரின் பாலம் முதலியவை வெடித்த காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். 1940-இல் அவர் தம் முடிவை வெளியிட்டார்: கல்லும் சிமெண்டும் ஒன்றோடொன்று போர் புரிகின்றன!

அஃது எவ்வாறெனில்: சிமெண்டில் சோடியம், பொட்டாசியம் என்னும் காரப் பொருள்கள் சிறிதளவு உண்டு. கான்கிரீட்டின் நுண் துளைகளில் தங்கும் நீரில் அவை கரைந்து கடுங்காரமாகின்றன. மணலில் உள்ள படிகச் சிலிக்காவை அக்காரம் எளிதில் தீண்டாது. அதன் அணுக்கள் ஒழுங்காக, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. எரிமலைக் குழம்பு விரைந்து குளிர்ந்தாலோ அணுக்கள் அணிவகுக்க நேரம் கிடைப்பதில்லை. கண்ணாடி போல் உறைந்துவிடுகிறது. ஓப்பல், சால்சிடனி என்னும் சிலிக்கா வகைகளும் அத்தகைய ஒழுங்கற்ற அல்லது மிக நுண்ணிய அமைப்பு உடையவை. காரம் இவற்றைக் கரைத்து ஒரு பசையாக்கும். அப்பசை நீரை உறிஞ்சி ஊறிய புளியங்கொட்டை போல் பருக்கும். கான்கிரீட்டுக்குள் பருக்க இடம் ஏது? வெடிக்கிறது. பகைக்குரிய சிலிக்கா, காரம், ஈரம் ஆகிய மூன்றும் கூடினாலன்றி இத்தீங்கு விளையாது. ஒன்றை நீக்கினாலும் போதும். ஆகவே அமெரிக்கர்கள் ஐயத்துக்குரிய கல்லோடு நூற்றுக்கு 0.6 பங்குக்கு மேற்படாத காரமுடைய சிமெண்டையே சேர்க்க வேண்டும் என்று விதித்தார்கள்.

கல்லின் வலிமை வேறு, அதன் நீடித்த உறவு வேறு என்பது அன்றுதான் தெளிவாயிற்று. புதிய சோதனை வகுத்தார்கள். ஐயத்துக்குரிய கல்லை மணலாகப் பொடித்துச் சிமெண்டோடு சேர்த்துச் சிறு காரைக் கோல்களை வார்த்து, 38 பாகை வெப்பத்தில் ஈரக் காற்றில் மூடி வைத்து, மாதந்தோறும் நீளத்தை அளப்பார்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 0.10 பங்குக்கு மேல் நீண்டால் அந்தக் கல் ஆகாது. 250 மில்லிமீட்டர் அளவு நீளத்தில் அது கால் மில்லிமீட்டர். ஒரு தலைமயிரின் பருமனைப் போல் சில மடங்கு. இவ்வளவு சிறு நீட்சிதான் அணைகளை வெடிக்கச் செய்கிறது.

ஐஸ்லாந்து நாட்டின் கதை இன்னும் கசப்பானது. நாடு முழுவதும் எரிமலைக் கல்; வேறு கல்லுக்கு வழியில்லை. 1958-இல் அங்கே சிமெண்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது. அதன் சிமெண்டில் காரம் மிகுதி. கடலிலிருந்து வாரிய மணலையும் சல்லியையும் கழுவாமல் இட்டதால் உப்பின் காரமும் சேர்ந்தது. தலைநகர் ரெய்க்யவிக் பகுதியில் 1961 முதல் 1979 வரை கட்டிய வீடுகளின் புறச் சுவர்களில் ஏராளமானவை வெடித்தன. அணை என்றால் அரசாங்கம் பழுது பார்க்கும். இவை குடிமக்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். 1979 முதல் சிமெண்டிலேயே நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலக்கத் தொடங்கினார்கள். கடற்சல்லியைக் கழுவ வேண்டும் என்றும் விதித்தார்கள். அதன் பின் கட்டிய வீடுகளில் அந்நோய் அடங்கியது.

இங்கே நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். சிலிக்கா நோய் என்றால், சிலிக்காவே மருந்தாவது எப்படி? துகளின் பருமனில்தான் இருக்கிறது செய்தி. பட்டாணி அளவுக் கட்டியாக இருந்தால் காரம் அதை மெல்ல அரித்து, கான்கிரீட் இறுகிய பின் பருக்கச் செய்கிறது. மாவாக இருந்தால், இறுகும் பருவத்திலேயே எங்கும் பரவிக் காரத்தைப் பிடித்துக்கொண்டு, பிணைக்கும் பசையாகவே மாறிவிடுகிறது. உரோமானியரின் எரிமலைச் சாம்பலும், 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணையில் சுண்ணாம்போடு கலந்த சுர்க்கி என்னும் செங்கற்பொடியும், இன்று அனல் மின் நிலையங்களிலிருந்து வரும் சாம்பலும் ஏறத்தாழ ஒரே குடும்பத்தவை.

தக்காணத்துக்கு வருவோம். எரிமலைக் குழம்பு உறையும்போது அதிலிருந்து வாயு குமிழிகளாக வெளியேறும். குழம்பின் நடுப்பகுதி கெட்டியாக உறைய, மேற்பகுதி தேனடை போல் துளைகளோடு உறையும். பின்னாளில் நிலத்தடி நீர் அத்துளைகளில் ஜியோலைட், கால்சைட், சால்சிடனி போன்றவற்றை நிரப்பியது. கடைகளில் விற்கும் அழகிய அகேட் கற்கள் அப்படி விளைந்தவையே. அழகு செய்யும் அதே பொருள் கான்கிரீட்டுக்குள் பகையாகலாம். ஒரே மலையில், ஒரே குவாரியில், பத்தடிக்குக் கீழே இருப்பது மாசற்ற சல்லி. மேலே இருப்பது ஐயத்துக்குரியது. வெடி வைத்தால் இரண்டும் கலந்துதான் வரும். ஆகையால் தக்காணத்தில் ஒரு குவாரிக்கு ஒரு முறை சோதனை என்பது போதாது, அடுக்குத்தோறும் வேண்டும். அதற்கென ஐ.எஸ். 2386-இன் எட்டாம் பாகம், கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை விதிக்கிறது. எம் எண்ணத்தில், எட்டுப் பாகங்களிலும் மிக அதிகமாகப் பயன்பட வேண்டியதும், மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான்.

பசால்ட் நாட்டில் வெடிப்பு என்றதும் கல்லையே குற்றம் சாட்டுவதும் தவறு. கொயினா அணை, பசால்ட் மலைகளுக்கிடையே 103 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. 1967 டிசம்பர் 11-ஆம் நாள் விடியுமுன் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அதன் மேற்பகுதியில் வெடிப்புகள் கண்டன. அங்கே குற்றவாளி நிலநடுக்கமே. அணையின் பின்முகச் சரிவு திடீரென மாறும் உயரத்தில் விசை குவிந்தது. அதைக் கண்டறிந்து, பின்புறம் முட்டுக்கட்டி வலுப்படுத்தினார்கள். கல்லைப் பழித்துவிட்டு நின்றிருந்தால் அணை என்னவாகியிருக்கும்?

எமக்கே வியப்பளித்தது அடுத்த செய்தி. 1973-இல் பி. எஸ். கோக்டே என்பார், நாட்டின் பொதுவான பாறைகளைக் காரத்தோடு சோதித்த ஆராய்ச்சியை வெளியிட்டார். எரிமலைக் கண்ணாடியும் பிற்சேர்ந்த சிலிக்காவும் உடைய பசால்ட் ஐயத்துக்குரியது என்றது எதிர்பார்த்ததே. ஆனால் கருங்கல் வகைகளிலும் சிலவற்றைக் காரம் தீண்டுகிறது என்று அவர் காட்டினார். மலைகள் நெருக்குண்ட காலத்தில் படிகச் சிலிக்காவும் நெருக்குண்டு வளைந்திருந்தால், அதன் அணுக்களின் ஒழுங்கு குலைந்துவிடும். அது மெல்ல மெல்ல, இருபது முப்பது ஆண்டுகளில் வினை புரியும். உத்தரப் பிரதேசத்தில் 1962-இல் முடிவுற்ற ரிஹந்து அணையின் மின் நிலையத்தில் பின்னாளில் நேர்ந்த தொல்லைக்கு அத்தகைய கல்லே காரணமாகக் காணப்பட்டது. 38 பாகைச் சோதனையில் இந்த மந்தமான கல் தேறிவிடக் கூடும். எனவே 1986-இல் தென்னாப்பிரிக்காவில் ஓபர்ஹோல்ஸ்டர், டேவீஸ் என்னும் இருவர் கடுமையான முறை ஒன்றை வகுத்தார்கள்: கோல்களை 80 பாகைக் காரக் கரைசலில் 14 நாள் ஊறவைப்பது. நீட்சி 0.10-க்குள் இருந்தால் கல் நன்று, 0.20-ஐத் தாண்டினால் ஆகாது. இடைப்பட்டால் மேலும் ஆராய வேண்டும்.

அங்ஙனமாயின் பனச்சமூட்டுக் கல்லின் நிலை என்ன? திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாகக் குமரிமுனை வரை ஏறக்குறைய 54 மைல் நீளத்துக்குத் திருவிதாங்கூர் அரசு இட்ட சிமெண்டுச் சாலை, சர் சி. பி. இராமசாமி ஐயரின் பெயரோடு இன்றும் பேசப்படுகிறது. அக்காலத்தில் கருங்கல்லைக் காரத்தோடு சோதிப்பது எங்கும் வழக்கில் இல்லை. தேவையும் அவ்வளவாக இல்லை, ஆற்று மணல் தாராளமாகக் கிடைத்தது. இன்று ஆற்று மணலுக்குப் பதில் கருங்கல்லையே அரைத்து மணலாக்குகிறார்கள். சல்லியும் அதே மலை, மணலும் அதே மலை. முன்பு கான்கிரீட்டில் பாதிக் குணத்தைத் தீர்மானித்த கல், இன்று முழுக் குணத்தையும் தீர்மானிக்கிறது. அதிலும் கோண்டலைட் எளிதில் மக்கும் இனம், சார்னகைட் கெட்டியானது. இரண்டும் ஒரே குவாரியில் அடுத்தடுத்துக் கிடக்கும். வெளியூரில் உழைத்து ஊரில் வீடு கட்டுவோர், கம்பியின் மார்க்கைக் கேட்கிறார்கள். சிமெண்டின் மார்க்கைக் கேட்கிறார்கள். சல்லி எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று கேட்பவரை நாம் இன்னும் காணவில்லை.

பெரியப்பாவின் தொட்டிக்கு வருவோம். அண்டை வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் வெண்பசையைக் கண்டதும் ஐயுற்றார். சுவரிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்து, தமக்குத் தெரிந்த நிலவியலாரிடம் கொடுத்தார். சிமெண்டு குறையவில்லை. சல்லியில் பட்டாணி அளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, அவை சால்சிடனி. அவற்றைச் சுற்றிப் பசை விளிம்பு கட்டியிருந்தது. தொட்டியில் ஈரத்துக்குக் குறைவில்லை. வீட்டின் உலர்ந்த தூண்களில் அதே சல்லி இருந்தும் ஒரு கீறல் கூட இல்லாததன் காரணமும் அதுவே. பெரியப்பா தொட்டியை இடித்துவிட்டு வேறு வைத்தார். கொத்தனாருக்கு ஒரு கடிதமும் எழுதினார். மன்னிப்பு என்ற சொல் அதில் இருந்ததா என்று நாம் கேட்கவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்றபோது, தொட்டியில் இட்ட அதே சல்லியில் எஞ்சியிருந்த ஒரு கல்லைப் பெரியப்பா எம்மிடம் கொடுத்தனுப்பினார். கொத்தனார் முதியவராகியிருந்தார். கல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் புள்ளிகளை நகத்தால் நெருடினார். பிறகு உள்ளே சென்று சுத்தியலை எடுத்துவந்து, காதருகே வைத்து ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்றே ஒலித்தது. மறுபடியும் ஒரு முறை தட்டிப் பார்த்தார்.